சாலையோரப் பூப்புதரில் பாம்பு: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் சாலையில் காலை நடைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சாலையோரம் பூத்துக் கிடந்த காட்டாமணக்குப் புதரின் அடியில் ஒரு கண்ணாடி விரியனைப் பார்த்தோம். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. நான் பாம்பு பிடிப்பவன் அல்ல, மருத்துவனும் அல்ல. முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு, ஆண்டுதோறும் மாணவர்களைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துப்போய்க் கொண்டிருந்தவன். ஒரே கேள்விக்குப் பத்துப் பேரிடம் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

பூ வாசத்துக்குப் பாம்பு வரும் என்கிறார்களே, உண்மையா?

வராது. பாம்புக்கு மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அது நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களை வாயின் மேலண்ணத்தில் இருக்கும் உறுப்புக்குக் கொண்டு சேர்க்கத்தான். அங்கே அது தேடுவது எலி போன தடத்தை, தவளை உட்கார்ந்த ஈரத்தை, இனச்சேர்க்கைக் காலத்தில் பெண் பாம்பு விட்டுச் சென்ற மணத்தை. தாழம்பூவை அது திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் நம் பாட்டிமார் பொய் சொல்லவில்லை. தாழம் புதரில் பாம்பு இருக்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்டது. தாழை வளர்வது நீரோரத்தில். இலைக்கு இலை முள். அடியில் வேர்கள் கால் ஊன்றி நிற்க, அவற்றுக்கிடையே சருகு மெத்தை. நாயும் கீரியும் எளிதில் நுழையாது. தவளைக்குப் பஞ்சமில்லை. பாம்புக்கு இதைவிட நல்ல வீடு வேறு எது? மல்லிகைப் பந்தலும் அப்படியே. சாயங்காலம் பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் தவளையும் வரும், அவற்றுக்குப் பாம்பு வரும். பாட்டி கண்டது சரி, சொன்ன காரணம்தான் வேறு. இந்த வேறுபாடு முக்கியம். காரணத்தைப் பூவில் தேடுகிறவர் பூவையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாம்பு இருப்பது பூவில் அல்ல, அடியில்.

எந்தப் பூச்செடியருகே எச்சரிக்கை வேண்டும்?

செடியின் பெயரைவிட அதன் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் போன்ற பூவோடு நிற்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. தண்டு தண்டாக நெருங்கி வளர்ந்து, விழுந்த தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி இதைப் பார்க்காமல் நடக்க முடியாது. என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். அடுத்தது உண்ணிச்செடி. மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பூத்துப் படம் எடுக்கத் தூண்டும். தரையோடு தரையாகக் கிளை பரப்பி உள்ளே நிழல் கட்டி வைத்திருக்கும். எருக்கு அப்படியில்லை, அடி திறந்திருக்கும். ஆவாரையும் ஓரளவு அப்படித்தான். தும்பையும் கிணற்றடிப் பூண்டும் முழங்காலுக்குக் கீழே நிற்பவை; தனியாக நின்றால் பயமில்லை, மழைக்குப் பின் புல்லோடு பின்னிக்கொண்டால் காலடி தெரியாது.

பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும் அடப்பங்கொடியைப் பற்றி ஒருவர் கேட்டார். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. வலையில் சிக்கிய கடல் பாம்பை மணலில் உதறிவிட்டுப் போவது உண்டு. வால் துடுப்புபோலத் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. சோர்ந்து கிடந்தாலும் நச்சு சோர்வதில்லை. நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து அதற்கென்று செய்யப்பட்டதும் அல்ல. குழந்தைகள் குச்சியால்கூடத் தொடக்கூடாது.

சென்னை மாநகரத்தின் சாலையோரத்தில் இத்தனை பாம்பு எங்கிருந்து வருகிறது?

அவை வரவில்லை, நாம்தான் வந்தோம். வேளச்சேரி, பெருங்குடி, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் சதுப்பும் ஏரியும் வயலுமாக இருந்த இடம். பள்ளிக்கரணைக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது, ஆனால் அதற்குள் சாலைகளும் குடியிருப்புகளும் நிலத்தைச் சுற்றி வளைத்துவிட்டன. வடக்கே செங்குன்றம், மேற்கே போரூர், தெற்கே வண்டலூர், நன்மங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதை. நகரத்தின் நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்காவும் அடையாறு கழிமுகமும் இருக்கின்றன.

இதற்கு மேல் நாம் செய்யும் உபசாரம் ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு டெம்போ வரும். இடித்த வீட்டின் செங்கல், ஓட்டைக் குழாய், கழிவறைப் பீங்கான் எல்லாவற்றையும் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும். அடுத்த வாரம் அதன்மேல் பிரியாணிப் பொட்டலங்கள் சேரும். பெருச்சாளி குடிவரும். ஐப்பசி மழை பெய்தால் இடிபாட்டின் மேல் கொடி ஏறிப் பூத்துவிடும். பார்க்க அழகுதான். கீழே இருப்பது எலி வளை, பக்கத்தில் மூடி உடைந்த மழைநீர் வடிகால். எங்கள் தெருமுனையில் இரண்டு வருடத்தில் இப்படி உருவான 'பூந்தோட்டம்' ஒன்று இருக்கிறது. செடியை வெட்டச் சொல்லி மனு போடுகிறார்கள், இடிபாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

உயிருக்கு ஆபத்தான பாம்புகள் எவை? எப்படி அடையாளம் காண்பது?

நம் ஊரில் மரணத்துக்குக் காரணமாகும் பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் நேர்பவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

நல்ல பாம்பை எல்லோரும் அறிவார்கள். படம் எடுத்தால் பின்புறம் கண்ணாடிக் குறி. ஆனால் படம் எடுக்காத நல்ல பாம்பு சாதாரணப் பழுப்புப் பாம்பாகத்தான் தெரியும், பலர் ஏமாறுவது இங்கேதான். பகலிலும் அந்தியிலும் நடமாடும். எலிக்காக வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். முடிந்தவரை விலகிப் போகத்தான் பார்க்கும்.

கட்டுவிரியன் இரவுப் பாம்பு. பளபளக்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக வரும். தலைப்பக்கம் கோடு மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், வால் நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். இதன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. தரையில் படுத்துத் தூங்குகிறவர் கடிபட்டதே தெரியாமல் விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தடுமாறுவார். எட்டு அடி வைப்பதற்குள் உயிர் போகும் என்று நம்பி எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். அது மிகை. மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது, அந்த நேரத்தைக் கோட்டை விடுவதுதான் ஆளைக் கொல்கிறது.

கண்ணாடி விரியனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதரடிச் சருகு அதன் சொந்த ஊர். அன்று நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். என்னோடு நடக்க வரும் நண்பர் காட்டாமணக்குப் பூவைப் படம் எடுக்கக் கைப்பேசியோடு குனிந்தார். குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் டீக்கடை இருந்ததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சத்தம் நிற்கவில்லை. குக்கர் விட்டு விட்டுத்தான் சீறும், இது மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் தொடர்ந்தது. அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அப்புறமும் பாம்பு எங்கே என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நிமிடம் ஆனது. பழுப்புச் சருகு, அதன்மேல் பழுப்பு உடல். முதுகில் நீள்வட்டப் புள்ளிகள், சங்கிலிக் கண்ணிபோல ஒன்றையடுத்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் அதே போல இன்னும் இரண்டு வரிசை. மணிக்கட்டுப் பருமன். தலை மட்டும் முக்கோணமாக, சுருளின் நடுவில். நாங்கள் நின்ற தூரம் நான்கு அடி, அதற்கு முன் நண்பரின் கை இருந்த தூரம் ஒன்றரை அடி. அது ஓட முயலவில்லை. கண்ணாடி விரியனின் இயல்பே அதுதான்: நகராது, தன் நிறத்தை நம்பி அப்படியே கிடக்கும். கடித்தால் கடுமையான வலி, வீக்கம், ரத்தம் உறையாமல் போதல், சிறுநீரகப் பாதிப்பு.

சுருட்டை விரியன் சிறியது, பெரும்பாலும் இரண்டு அடிக்குள். உடலை அரைவட்டங்களாகச் சுருட்டிச் செதில்களை ஒன்றோடொன்று உரசி ரம்பம் அறுப்பதுபோல ஒலி எழுப்பும். வறண்ட, கல்லும் மணலுமான நிலம் அதற்குப் பிடிக்கும். நகருக்குள் பார்ப்பது அரிது, செங்கல்பட்டுப் பக்கத்துப் பொட்டல் காடுகளில் உண்டு.

எல்லாப் பாம்பும் விஷப்பாம்பா?

இல்லை. சாலையோரத்தில் நீங்கள் பார்ப்பவற்றில் பல அப்பாவிகள். சாரைப் பாம்பு நீளத்தால் மட்டும் பயமுறுத்தும், எலி பிடிப்பதில் அதற்கு நிகரில்லை. நீர்க்கோலி கோபக்காரன், கடிக்கும், நஞ்சு இல்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்ற கதையைக் கட்டியவர் யாரோ, அந்தப் பாம்பைப் பார்த்திருக்கவே மாட்டார். மரத்துப் பல்லியைத் தின்று பிழைக்கும் ஒல்லிப் பாம்பு அது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அந்த ரகம்தான். அதற்கு லேசான நஞ்சு உண்டு, மனிதனைக் கொல்லும் அளவுக்கு இல்லை.

குழப்பம் வருவது இரண்டு இடத்தில். வீட்டுச் சுவரில் ஏறும் ஓநாய்ப் பாம்பைக் கட்டுவிரியன் என்று அடிப்பார்கள். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்தில் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு நேர்மாறு. மற்றொன்று, மண்ணுளி வகையில் புள்ளிகள் கொண்ட ஒன்றைக் கண்ணாடி விரியன் என்று நினைப்பது, அல்லது கண்ணாடி விரியனை மண்ணுளி என்று நினைத்துக் கையில் எடுப்பது. முதல் தவறில் பாம்பு சாகும், இரண்டாவதில் ஆள். ஆகவே இந்த அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அவற்றை நம்பிக் கையை நீட்டாதீர்கள்.

பூஜைக்குச் சாலையோரத்தில் பூப் பறிக்கிறோம். விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம், நேரத்தையும் முறையையும் மாற்றுங்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இரண்டு காலம். ஒன்று விநாயகர் சதுர்த்தி. எருக்கம்பூவுக்கும் அறுகம்புல்லுக்கும் காலிமனைக் காலிமனையாக இறங்குகிறோம். எருக்கு பரவாயில்லை, இடுப்பு உயரத்தில் பறிக்கலாம். அறுகம்புல்லோ தரையில் கை வைத்துப் பிடுங்குவது. ஆவணி ஒட்டிய இந்த நாட்களில் நல்ல பாம்புக் குட்டிகள் முட்டையிலிருந்து வெளியே வந்து நடமாடும். கண்ணாடி விரியன் முட்டையிடாது, நேராகக் குட்டி போடும், அதுவும் ஒரு தடவையில் இருபது, முப்பது என்று. அந்தக் குட்டிகளும் அதற்குள் வெளியே வந்திருக்கும். பிறந்த அன்றே கடிக்கவும் நஞ்சு செலுத்தவும் அவற்றால் முடியும்.

இரண்டாவது மார்கழி. கோலத்தின் நடுவே சாணத்தில் செருகப் பூசணிப்பூ வேண்டும் என்று ஐந்து மணிக்கு வேலிக்குள் கை விடுவார்கள். கட்டுவிரியன் இரை தேடி முடித்து வளைக்குத் திரும்பும் நேரம் அது. முதல் நாள் மாலை வெளிச்சத்திலேயே எந்தப் பூ என்று பார்த்து வையுங்கள், காலையில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கூடையைத் தரையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் வந்து அப்படியே கை விடுவதும் வேண்டாம்.

பொதுவாக ஒரே ஒரு பழக்கம் போதும்: கண் போகாத இடத்தில் கை போகக்கூடாது. நீளக் கழி ஒன்றால் புதரின் அடியைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். நல்ல பாம்பும் சாரையும் அதிர்வை உணர்ந்து விலகிப் போகும். கண்ணாடி விரியன் போகாது, ஆனால் சீறும், அதுவே போதும். பந்து விழுந்தால் பிள்ளைகள் கையால் தேடக் கூடாது. 'ஒதுங்க'ப் போகிற ஆண்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, வெட்கமாக இருந்தாலும்.

இதில் நம்மைவிட அதிக ஆபத்தில் இருப்பவர்கள் சாலையோரம் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள். முட்டி வரைக்குமான காலணியும் தடித்த கையுறையும் நீளக்காம்பு மண்வாரியும் இல்லாமல் அவர்களைப் புதருக்குள் இறக்குவது சரியல்ல. உங்கள் தெருவில் வெறுங்கையோடு ஒருவர் இறங்கினால் நிறுத்திக் கேளுங்கள்.

சிறியாநங்கை, ஆகாச கருடன் கிழங்கு, பூண்டுத் தண்ணீர் இவை பாம்பை விரட்டுமா?

எங்கள் வீட்டு வாசலில் ஆகாச கருடன் கிழங்கு தொங்குகிறது. என் மாமியார் கட்டியது. அதற்கு நேர் கீழே இருந்த செருப்பு ஸ்டாண்டில்தான் போன வருடம் ஒரு ஓநாய்ப் பாம்பு இருந்தது. கிழங்கை நான் அவிழ்க்கவில்லை, வீட்டில் சமாதானம் முக்கியம். ஆனால் நம்பி எதையும் விடவும் இல்லை. பூண்டு, பெருங்காயம், பினாயில், நாப்தலீன் உருண்டை எதுவுமே பாம்பை விரட்டும் என்று சொல்ல ஆதாரமில்லை. எலியை ஒழித்து, இடிபாட்டை அகற்றி, கதவடி இடுக்கை அடைத்தால் பலன் உண்டு.

புதரைக் கொளுத்திவிட்டால் என்ன?

பாம்பு தீயிலிருந்து தப்பி முதலில் நுழைவது பக்கத்து வீட்டில். வெட்டுங்கள், ஆனால் பகலில், நீளக்காம்பு அரிவாளால், வீட்டுப் பக்கம் தொடங்கி வெளிப்பக்கமாக. அப்போது ஓடுகிற பாம்பு திறந்த வெளிக்கு ஓடும். செங்கல்லைக் கையால் புரட்டாதீர்கள், கடப்பாரை எதற்கு இருக்கிறது?

பாம்பைப் பார்த்துவிட்டேன். அடிக்கலாமா? யாரைக் கூப்பிடுவது?

அடிக்கக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் உண்டு என்பது இன்னொரு பக்கம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், படை நடுங்கினால் பரவாயில்லை, கையில் உருட்டுக்கட்டையோடு நடுங்குகிறவர்தான் ஆபத்து. ஆறு அடிக்கு மேல் தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திறந்த வெளியில் என்றால் வழி விட்டால் போய்விடும். வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ என்றால் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள், அல்லது வனத்துறைக்கு. பழிவாங்க ஜோடிப் பாம்பு தேடி வரும் என்று பயப்பட வேண்டாம். பாம்புக்கு அந்த அளவுக்கு நினைவும் இல்லை, நேரமும் இல்லை.

கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

பாம்பை விட்டு விலகி வாருங்கள். கடிபட்டவரைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். கை விரல் மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச், இறுக்கமான காலணி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் கட்டுவதுபோலக் கட்டையோ அட்டையோ வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்று தெரிந்தால் காரோ ஆட்டோவோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள்.

இறுக்கிக் கயிறு கட்டக்கூடாது. சினிமா நமக்குச் செய்த தீமைகளில் இதுவும் ஒன்று. இறுக்கிக் கட்டிய இடத்துக்குக் கீழே ரத்தம் போகாமல் தசை அழுகும், கட்டை அவிழ்க்கும்போது நஞ்சு மொத்தமாக மேலேறும். பிளேடால் கீறக்கூடாது, கண்ணாடி விரியன் கடித்த இடத்தைக் கீறினால் ரத்தம் நிற்கவே நிற்காது. வாயால் உறிஞ்சக்கூடாது. ஐஸ் வேண்டாம், சாராயம் வேண்டாம், வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். மந்திரிப்பவரிடம் போய் வந்த பலர் பிழைத்ததற்குக் காரணம், கடித்தது நஞ்சில்லாத பாம்பு என்பதும், நச்சுப்பாம்பே சில தடவை நஞ்சு செலுத்தாமல் கடிப்பது உண்டு என்பதும்தான்.

பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். இரண்டு பல் தடம் இருந்தால்தான் விஷப்பாம்பு என்பதையும் நம்பாதீர்கள், கட்டுவிரியன் கடி சில சமயம் தடமே தெரியாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டியது கடித்த நேரம், இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, ஈறில் ரத்தம் வருகிறதா, சிறுநீர் போனதா என்பவை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? மருந்து கிடைக்குமா?

அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும், இலவசம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், தெற்கே இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அருகில் சிறிய மருத்துவமனை இருந்தால் மருந்து இருக்கிறதா என்று போகும்போதே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் என் உறவினரை இருபது நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதலில் ஒரு எளிய சோதனை. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து அசைக்காமல் இருபது நிமிடம் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். அறிகுறி இருந்தால்தான் விஷமுறிவு மருந்து தருவார்கள், கடித்துவிட்டது என்பதற்காக மட்டும் தருவதில்லை. வழக்கமாகப் பத்துக் குப்பி அளவில் தொடங்குவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றுதான், ஏனென்றால் ஆள் சிறியவர் என்று பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. மருந்து சிலருக்கு ஒவ்வாமை தரும், அதனால் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஏற்றுவார்கள். வீட்டில் வாங்கி வைத்துக் குத்திக்கொள்ளும் பொருள் அல்ல இது. அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்கச் சொன்னால் இருங்கள், பாதியில் எழுந்து வராதீர்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்த்தது. அதாவது, இனி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

அந்த மருந்து எங்கே செய்யப்படுகிறது?

குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சு செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்கள். நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்து. அந்த நஞ்சு வரும் இடங்களில் முக்கியமானது நமக்கு மிகப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. ஒரு காலத்தில் பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள், தோல் வணிகம் தடைப்பட்டபின் நஞ்சு எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே திரும்ப விடும் தொழிலுக்கு மாறினார்கள். கிண்டியில் 1972-இல் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் இதற்குத் துணை நின்றவர். மண்ணில் கிடக்கும் கீற்றைப் பார்த்தே இருளர்கள் எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் நடைக் கூட்டத்தில் யாருக்கும் அவர்கள் பெயர் தெரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

நாயைப் புதரோரம் அழைத்துப் போகலாமா?

கயிற்றைச் சுருக்கிப் பிடித்தால் போகலாம். நாய் மூக்கை முதலில் விடும், கடியும் அங்கேதான் விழும். நாய்க்கும் அதே விஷமுறிவு மருந்துதான் தருகிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உடனே போங்கள்.

புதரோரம் நிறுத்திய ஸ்கூட்டருக்குள் பாம்பு போய்விட்டது. ஓட்டிக்கொண்டு போனால் வெளியே வருமா?

வரும், நீங்கள் சிக்னலில் நிற்கும்போது. ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். முன்பக்க மூடியைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக் ஒருவரும் கூட இருந்தால் நல்லது, பாம்பு பிடிப்பவரைவிட அவருக்குத்தான் அதிக நேரம் வேலை இருக்கும்.

நீங்கள் பார்த்த அந்தக் கண்ணாடி விரியன் என்ன ஆனது?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். டீக்கடைக்காரர் இரண்டு நாற்காலியைக் குறுக்கே போட்டு யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் அது சுருளை அவிழ்த்து, அவசரமே இல்லாமல் வடிகால் இடுக்குக்குள் போனது. நண்பர் அதைப் படம் எடுத்தார், இந்தத் தடவை சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து. மறுநாள் காலை போனபோது காட்டாமணக்கின் மேலேயே புதிதாக ஒரு டெம்போ இடிபாடு கொட்டியிருந்தது.